ஜாக்கி சானின் முதல் ஹாலிவுட் படம்: குறை ஆங்கிலத்தில் இல்லை, சண்டையை எடுத்த விதத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு அதிரடி நாயகர்கள் ஹாலிவுட்டில் கால் வைத்த கதையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தோம். ஜாக்கி சானின் முதல் ஹாலிவுட் படம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு, "அவருக்கு ஆங்கிலம் வரவில்லை, அமெரிக்க ரசிகர்கள் அவரை ஏற்கவில்லை" என்று இரண்டே வரியில் காரணம் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். மதுரையில் சிலம்பமும் சினிமாச் சண்டையும் சொல்லிக்கொடுக்கும் எங்களால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் படத்தில் ஜாக்கி சான் பேசும் காட்சிகள் பரவாயில்லை. சண்டை போடும் காட்சிகள்தான் தொய்ந்து கிடக்கின்றன. ஒரு சண்டைக்காரன் வாயைத் திறக்காத இடத்தில் படம் விழுகிறது என்றால் அதற்கு மொழியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

முதலில் விவரங்கள். படத்தின் பெயர் 'தி பிக் ப்ரால்'. வெளிவந்த ஆண்டு 1980. அப்போது ஜாக்கி சானுக்கு வயது 26. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் 'டிரங்கன் மாஸ்டர்' வந்து ஹாங்காங்கில் அவரை உச்சியில் ஏற்றியிருந்தது. 1930களின் சிகாகோவில் ஓட்டல் நடத்தும் சீனக் குடும்பத்துப் பையனை ஒரு ரவுடிக் கும்பல் மிரட்டி, டெக்சாஸில் நடக்கும் பெரிய அடிதடிப் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் கதை. இயக்கியவர் ராபர்ட் க்ளவுஸ். 1973இல் புரூஸ் லீயை வைத்து 'என்டர் தி டிராகன்' எடுத்தவரும் இவரேதான். இரண்டுக்கும் இசை லாலோ ஷிஃப்ரின். இரண்டிலும் ஹாங்காங்கின் கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனம் பங்குதாரர். புரூஸ் லீயிடம் அடி வாங்கும் துணை ஃபைட்டர்களில் ஒருவராக அந்த 1973 படத்தில் ஜாக்கி சானும் இருக்கிறார். கழுத்தைப் பிடித்துத் திருகுவாரே, அந்தப் பையன்தான்.

அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர், அதே கம்பெனி. ஒன்று உலகமெங்கும் ஓடியது, மற்றொன்று ஓடவில்லை. வித்தியாசம் எங்கே என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது, 'என்டர் தி டிராகன்' சண்டைகளை அமைத்தவர் புரூஸ் லீ என்பது. யார் எங்கே நிற்பது, எந்த அடி எப்போது விழுவது என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. 1980 படத்தில் ஜாக்கி சானுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. தன் யோசனைகள் எடுபடாமல் போனதைத் தன் சுயசரிதையில் அவரே மனம் விட்டு எழுதியிருக்கிறார்.

இன்னொரு வித்தியாசத்தைச் சண்டை தெரிந்தவர்கள்தான் பார்ப்பார்கள். புரூஸ் லீயின் சண்டை ஒற்றை அடிச் சண்டை. நிற்பார், முறைப்பார், மின்னல் மாதிரி ஒரு அடி, எதிராளி கீழே. அதற்கு அசையாத கேமராவும் அகலமான ஷாட்டும் போதும். க்ளவுஸுக்கு அந்த வகைப் படப்பிடிப்பு நன்றாக வரும். ஜாக்கி சானின் சண்டை தொடர் சண்டை. நாற்காலியைத் தள்ளுவார், அது எதிராளியின் முழங்காலில் முட்டும், அவன் குனிவான், அவன் முதுகில் உருண்டு அடுத்தவன் மீது விழுவார், விழும்போதே ஏணியை இழுப்பார். ஒவ்வொரு அசைவும் அதற்கு முந்தைய அசைவால் நடக்கிறது. இதில் ஒரு கண்ணி பார்வையாளனின் கண்ணுக்குத் தப்பினாலும் நகைச்சுவையும் போச்சு, ஆச்சரியமும் போச்சு. இந்தச் சண்டையை, ஒற்றை அடிச் சண்டையை எடுப்பது போலவே நின்ற இடத்தில் நின்று எடுத்ததுதான் 1980இல் நடந்த தவறு.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அன்றைய ஹாலிவுட் வழக்கப்படி முதலில் சண்டை முழுவதையும் தூரத்திலிருந்து ஒரே மாஸ்டர் ஷாட்டாக எடுப்பார்கள். பிறகு அதே சண்டையை இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை, ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷனில் ஒரு முறை, நெருக்கமாக க்ளோஸில் ஒரு முறை போடச் சொல்லி எடுத்து, மொத்தத்தையும் எடிட்டரின் மேசையில் கொட்டுவார்கள். எந்த அடிக்கு எந்தக் கோணம் என்பது எடிட்டிங்கில்தான் முடிவாகும். தயாரிப்பாளருக்கு இது பாதுகாப்பு. வசனக் காட்சிக்கு இது நல்ல முறையும்கூட.

ஹாங்காங் முறை இதற்கு நேர்மாறு. அங்கே மாஸ்டர் ஷாட் என்ற பேச்சே கிடையாது. சண்டை மாஸ்டர் ஐந்தாறு அசைவை மட்டும் அமைப்பார். அந்த ஐந்தாறு அசைவும் நன்றாகத் தெரியும் ஒரே இடத்தில் கேமராவை வைப்பார். சரியாக வரும் வரை டேக் போவார். அது முடிந்த பிறகுதான் அடுத்த ஐந்தாறு அசைவைப் பற்றியே யோசிப்பார். கோணமும் அசைவும் சேர்ந்தே பிறக்கின்றன. கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் ஃபைட்டர் தோளைத் திருப்புகிறான். இப்படிப் பழகிய ஒருவரிடம் "முழுச் சண்டையையும் ஆரம்பம் முதல் கடைசி வரை போடுங்கள், நாலு பக்கமிருந்தும் எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் அவர் எந்தப் பக்கத்தை நினைத்து அசைவார்? எந்தப் பக்கத்துக்கும் முழுமையாகப் பொருந்தாத ஒரு நடுத்தரச் சண்டைதான் வரும்.

அடுத்தது வெட்டும் இடம். ஒரு உதை நெஞ்சில் படுகிறது என்று வையுங்கள். அகல ஷாட்டில் கால் கிளம்புகிறது, நெருக்க ஷாட்டில் எதிராளி பின்னால் போகிறான். படும் நொடியில் கட் செய்தால் உதை படுவது இரண்டு ஷாட்டிலும் முழுதாக இருக்காது. ஷாட் மாறும்போது, புதிய ஷாட்டில் எதைப் பார்ப்பது என்று கண்டுபிடிக்கக் கண்ணுக்கு ஓரிரு ஃப்ரேம், அதாவது ஓடும் படத்தின் ஓரிரு தனிப்படம், வேண்டும். அந்த இடைவெளியில்தான் அடி தொலைந்துபோகிறது. ஹாங்காங் எடிட்டர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் ஷாட்டில் கால் நெஞ்சில் படுவதை முழுதாகக் காட்டுவார்கள். அடுத்த ஷாட்டை, படுவதற்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னாலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். கணக்குப்படி அடி இரண்டு முறை விழுகிறது. ஆனால் மூன்று ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. பார்ப்பவனுக்கு இரண்டாகத் தெரியாது, ஒரே அடி கனமாக விழுந்தது போல் இருக்கும்.

வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. படம் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம். ஹாங்காங்கில் சண்டையை 22இல் எடுப்பது வழக்கம். திரையில் ஒன்பது சதவீதம் வேகம் கூடும். மனிதன் அசைவது போலவே இருக்கும், ஆனால் மந்தம் போய்விடும். 24இல் எடுத்து 24இல் ஓட்டினால், எதிராளி மேல் அடி பட்டுவிடாமல் இருப்பதற்காக ஃபைட்டர்கள் இயல்பாகவே குறைத்துக்கொள்ளும் வேகம் அப்படியே திரைக்கு வந்துவிடும்.

எதிராளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980 படத்தில் ஜாக்கி சானோடு கடைசியில் மோதுபவர் எச்.பி. ஹாகர்டி என்ற மல்யுத்த வீரர். ஆள் மலை போல் இருப்பார், திரையில் பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் சினிமாச் சண்டையில் அடிப்பவனைவிட அடி வாங்குபவனுக்கு வேலை அதிகம். எப்போது தலையைத் திருப்புவது, எந்தக் காலில் எடையை மாற்றுவது, எழுந்து வந்து எங்கே நிற்பது என்று எல்லாமே அவன் டைமிங்கில் இருக்கிறது. ஜாக்கி சான் சிறு வயதிலிருந்து பத்தாண்டு ஹாங்காங்கின் பெய்ஜிங் நாடகப் பள்ளியில் குட்டிக்கரணமும் கம்பும் கத்தியும் பழகியவர். அவரோடு மோதும் ஹாங்காங் ஃபைட்டர்களும் அதே மாதிரிப் பயிற்சியில் வந்தவர்கள். ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரியும். பெரிய உடம்புக்காரர் ஒருவர் அடி வாங்கி, யோசித்து, பிறகு சாயும்போது ஜாக்கி சான் அவருக்காகக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பு திரையில் பச்சையாகத் தெரிகிறது.

இதே 1980இல் ஹாங்காங்கில் ஜாக்கி சான் தானே இயக்கிய 'தி யங் மாஸ்டர்' வந்தது. கடைசிச் சண்டையில் எதிராளி ஹ்வாங் இன் ஷிக், ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் வல்லுநர். பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் சண்டை, ஒரு இடத்திலும் தொய்வு கிடையாது. இரண்டு படத்தின் கடைசிச் சண்டைகளையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். அதே ஆள், அதே வயது, அதே உடம்பு. ஆங்கிலத்தால்தான் தோற்றார் என்ற வாதம் அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தி பிக் ப்ரால்' முழுக்க மோசமில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருப்பதால் அடிக்கக் கூடாது, ஆனால் அடியாட்கள் விழ வேண்டும் என்ற நிலையில், எதுவும் செய்யாதவர் போல் நின்றுகொண்டே அவர்களை ஒருவர் மேல் ஒருவர் மோத விடும் காட்சி ஒன்று உண்டு. படத்தில் ஜாக்கி சான் ஜாக்கி சானாக இருக்கும் இடம் அதுதான்.

அடுத்த ஆண்டு 'தி கேனன்பால் ரன்'. ஹால் நீட்ஹம் என்ற முன்னாள் ஸ்டண்ட்காரர்தான் இயக்குநர். ஆனாலும் ஜாக்கி சானுக்குக் கிடைத்தது ஜப்பானியக் கார் ஓட்டுநர் என்ற சின்ன வேடம். அந்தப் படத்தால் ஒரு லாபம் உண்டு. முடிவில் சொதப்பிய டேக்குகளைக் காட்டும் வழக்கத்தை அங்கே பார்த்துத்தான் தன் படங்களுக்கு எடுத்துக்கொண்டார். அவர் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போவதைக் கடைசி எழுத்துகளோடு பார்த்துவிட்டுத்தான் நம்மூர்க்காரர்கள் தியேட்டரை விட்டு எழுந்தார்கள்.

எங்கள் வாதத்துக்குச் சரியான சாட்சி 1985இல் வந்த 'தி புரொடெக்டர்'. இயக்குநர் ஜேம்ஸ் க்ளிக்கன்ஹாஸ். சண்டையை எடுக்கும் முறையில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. படம் முடிந்த பிறகு, ஹாங்காங் வெளியீட்டுக்காக ஜாக்கி சான் சில காட்சிகளைப் புதிதாக எடுத்து, பாடகி சாலி யே நடித்த பகுதியைச் சேர்த்து, மொத்தத்தையும் மறுபடி எடிட் செய்தார். கடைசியில் கிக்பாக்ஸிங் சாம்பியன் பில் வாலஸோடு போடும் சண்டையையும் மாற்றினார். ஆக ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பில் அடிக்கும் அடிக்கும் நடுவில் இருவரும் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். ஹாங்காங் பதிப்பில் ஒரு அடி முடியும்போதே அடுத்தது கிளம்பிவிடுகிறது, சுற்றியிருக்கும் பொருட்களும் சண்டைக்குள் வருகின்றன. சண்டைக் காட்சி படிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதே ஆண்டு கடைசியில் 'போலீஸ் ஸ்டோரி' வந்தது. ஷாப்பிங் மாலின் மேல்மாடியிலிருந்து மின்விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தில் சறுக்கி இறங்குவார். அந்த ஒரே இறக்கத்தை மூன்று கோணத்தில் அடுத்தடுத்து மூன்று முறை காட்டுவார்கள். மேலே சொன்ன மூன்று ஃப்ரேம் சூட்சுமத்தின் பெரிய வடிவம்தான் அது. உண்மையிலேயே நடந்தது, நடுவில் ஒட்டுப்போடவில்லை என்று பார்ப்பவனுக்கு நிரூபித்துக் காட்டுவது. கண்ணாடி உடையும் காட்சிகளுக்கு, படப்பிடிப்பில் உடைப்பதற்கென்றே செய்யும் வழக்கமான சர்க்கரைக் கண்ணாடியைவிடத் தடிமனானதைப் பயன்படுத்தினார்கள். மெல்லிய சர்க்கரைக் கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டும், கனம் தெரியாது. தடிமன் கூடினால் பெரிய சில்லாக உடையும், சதையையும் கிழிக்கும். கம்பத்தில் இறங்கியதில் உள்ளங்கைகள் வெந்துபோயின. இதை யாரும் பார்த்துப் பின்பற்றக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பிறகு எப்படி அமெரிக்கா அவரை ஏற்றது? 1995இல் 'ரம்பிள் இன் தி பிராங்ஸ்'. அது ஹாங்காங் படம், இயக்கியவர் ஸ்டான்லி டாங். நியூயார்க் என்று சொல்லிக் கனடாவின் வான்கூவரில் எடுத்தார்கள். நியூயார்க்கில் இல்லாத மலைகள் பின்னணியில் தெரியும். அமெரிக்க விநியோகஸ்தர்கள் ஆங்கிலத்தில் டப் செய்து, கொஞ்சம் வெட்டி, இசையை மாற்றி 1996இல் வெளியிட்டார்கள். சண்டையில் மட்டும் பெரிதாகக் கை வைக்கவில்லை. படம் ஓடியது. மலை தெரிவதைப் பற்றி ரசிகர்கள் கவலைப்படவில்லை, டப்பிங்கைப் பற்றியும் கவலைப்படவில்லை. 1998இல் 'ரஷ் அவர்' வந்தபோது பேச்சைக் கிறிஸ் டக்கர் பார்த்துக்கொண்டார், சண்டையை ஜாக்கி சான் பார்த்துக்கொண்டார். கண்காட்சியில் சாயும் பழங்காலச் சாடிகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே அடியாட்களைச் சமாளிக்கும் காட்சி முழுக்க முழுக்க அவர் முத்திரை. அப்போதும் அவர் ஆங்கிலம் தடுமாற்றமாகத்தான் இருந்தது. தடுமாற்றம் படத்துக்கு உதவியது என்றே சொல்லலாம். பேட்டிகளிலும் விளம்பரத்திலும் மொழி அவருக்கு இடைஞ்சலாக இருந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. படம் விழுந்ததற்கு அது காரணம் இல்லை என்கிறோம்.

இன்னொரு சீனச் சண்டை நடிகரான ஜெட் லீக்கு இந்தத் தொல்லை குறைவு. 1998இல் 'லீத்தல் வெப்பன் 4'இல் வில்லனாக வந்தபோதே ஹாங்காங் சண்டை மாஸ்டர் கோரி யுவன் கூடவே போனார். மறு ஆண்டு 'தி மேட்ரிக்ஸ்' வந்ததும் ஹாலிவுட்டே மாறிவிட்டது. யுவன் வூ பிங் என்ற ஹாங்காங் மாஸ்டரை அழைத்து, நடிகர்களுக்கு நான்கு மாதம் முன்கூட்டியே பயிற்சி கொடுத்தார்கள். 'டிரங்கன் மாஸ்டர்' இயக்கியவர் இவர்தான். 1980இல் ஜாக்கி சானுக்குக் கிடைக்காத அத்தனையும் பத்தொன்பது ஆண்டு கழித்து அமெரிக்க நடிகர்களுக்குக் கிடைத்தது.

நம்மூர் தனுஷ் 2022இல் 'தி கிரே மேன்' படத்தில் மருத்துவமனைக்குள் இரண்டு பேரை ஒற்றை ஆளாக எதிர்கொள்ளும் சண்டையையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். உடல்மொழி அருமை. கட்டிங் இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்திருந்தால் அவர் கால் வேலை முழுதாகத் தெரிந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

இதையெல்லாம் மதுரைப் பத்திரிகைக்கு ஏன் எழுதுகிறோம் என்றால், இன்றைக்கு இங்கே கல்லூரிக்குக் கல்லூரி குறும்படம் எடுக்கிறார்கள். சிலம்பம் தெரிந்த பிள்ளைகள் செல்லூரிலும் அவனியாபுரத்திலும் திருமங்கலத்திலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நல்ல ஆட்டக்காரனை வைத்து எடுத்த சண்டை திரையில் மொக்கையாக வருகிறது. பிள்ளைகள் "அவனுக்கு நடிக்கத் தெரியவில்லை" என்று முடிவுகட்டி விடுகிறார்கள். 1980இல் நடந்த அதே கோளாறுதான் இங்கேயும் நடக்கிறது. ஆகவே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம்.

குத்து விடும்போது முஷ்டிக்கும் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி தெரியாமல் இருப்பது கேமரா நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இருவருக்கும் பக்கவாட்டில் நின்றால் நடுவில் வெளிச்சம் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பவன் தோளுக்குப் பின்னாலோ அடி வாங்குபவன் தோளுக்குப் பின்னாலோ சஜஷனாக வைத்தால் முஷ்டி முகத்தைக் கடக்கும் நொடியில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். செல்போனில் எடுப்பவர்கள் வழக்கமான அகல லென்ஸில் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். அந்த லென்ஸ் ஆழத்தைக் கூட்டிக் காட்டும், ஒரு சாண் ஒரு முழமாகத் தெரியும். பன்னிரண்டு பதினைந்து அடி பின்னால் போய், இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுத்தால் இடைவெளி சுருங்கிவிடும்.

அடிப்பவனின் வலக்கைக் குத்து, வாங்குபவனின் இடக்கன்னத்தில் விழும். அவன் தலை அவனுடைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். புதியவர்கள் பாதிப் பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள், முஷ்டி வரும் திசைக்கே முகத்தைக் கொடுக்கிறார்கள். தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில் கால் என்ற வரிசையில் அதிர்ச்சி இறங்க வேண்டும். எல்லாம் ஒன்றாக நகர்ந்தால் பொம்மை சாய்வது போல் இருக்கும்.

ஒரு ஷாட்டுக்கு ஐந்து அசைவுக்கு மேல் வேண்டாம். புதிய ஆட்கள் என்றால் நான்கு. முதலில் பாதி வேகத்தில், பிறகு முக்கால் வேகத்தில், கடைசியில் முழு வேகத்தில். ஷாட்டின் கடைசி அசைவு முடிந்ததும் அப்படியே நில்லுங்கள். கை எங்கே, எந்தக் கால் முன்னால், கம்பின் எந்த முனை மேலே என்று ஒருவர் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஷாட்டை அந்தக் கடைசி அசைவிலிருந்தே மறுபடி ஆரம்பியுங்கள். இப்படிச் செய்தால்தான் எடிட்டிங்கில் அந்த இரண்டு மூன்று ஃப்ரேமை எடுக்க முடியும். புதிய அசைவிலிருந்து ஆரம்பித்து எடுத்து வந்துவிட்டு "ஒட்டவே மாட்டேன் என்கிறது" என்று எடிட்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கேமராவை நொடிக்கு 25 ஃப்ரேமில் வையுங்கள்; ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன்கள் தானாகவே 30 ஃப்ரேமுக்கும் அறுபதில் ஒரு பங்குக்கும் போய்விட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் படபடவென்று அலையும். பகல் வெளிச்சத்தில் கம்பு சுற்றும்போது ஷட்டரை நூறில் ஒரு பங்காக்கினால், விசிறி போல் கலங்காமல் கம்பு கம்பாகத் தெரியும். எடிட்டிங்கில் வேகத்தை 108 சதவீதம் வரை கூட்டலாம். 115 தாண்டினால் தலைமுடியும் வேட்டியும் கிளம்பும் புழுதியும் காட்டிக்கொடுத்துவிடும். பின்னணியில் யாராவது நடந்துபோனால் 110கூடத் தெரியும்.

சிலம்பக் கம்பு விஷயத்தில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. ஆட்டத்துக்கு நெற்றி உயரக் கம்பு சரி. படப்பிடிப்பில் எதிராளியோடு மோதும் ஷாட்டுக்கு மூங்கிலை விட்டுவிட்டுப் பிரம்பைப் பயன்படுத்துங்கள். மூங்கில் மோதி மோதி நீளவாக்கில் விரிசல் விடும், அதிலிருந்து செதில் தெறிப்பது கண் உயரத்தில்தான். காலையிலும் மதிய இடைவேளைக்குப் பிறகும் கம்பு முழுக்க ஒரு பழைய துணியால் உருவிப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே செதில் கிளம்பியிருக்கிறது, அந்தக் கம்பை எடுத்து வைத்துவிட வேண்டும். தலையைக் குறிவைத்து வீசுவதே கூடாது. தோளுக்கு வெளியே குறிவைத்து வீசி, கேமராக் கோணத்தால் தலையில் விழுவது போல் காட்டுவதுதான் தொழில். கேமராக்காரர் கம்பின் நீளத்தைப் போல் இரண்டு பங்கு தூரம் தள்ளி நிற்கட்டும். வியர்வைக் கையில் கம்பு நழுவும், டேக்குக்கு டேக் துடைக்கத் துண்டு வேண்டும்.

ரீல்ஸுக்காக நிமிர்த்திப் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேர் கம்போடு எதிரெதிரே நின்றால் அந்த ஒடுக்கச் சட்டத்துக்குள் அடங்க மாட்டார்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் வரும்படி கம்பின் நீளவாக்கிலேயே கேமராவை வையுங்கள்.

இடமும் நேரமும் முக்கியம். வைகை மணலில் உருளும் காட்சி என்றால் முதல் நாளே பல் வைத்த இரும்பு வாரியால் மணலை அரை அடி ஆழம் கிளறிப் பாட்டில் சில்லுகளைப் பொறுக்கிவிட வேண்டும். கீழக்குயில்குடி சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அனுமதி இல்லாமல் அங்கே சண்டை எடுப்பது தவறு. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணி வரை நம்மூர் வெயில் நட்ட நடுத் தலையில் நிற்கும், கண் குழியில் நிழல் விழுந்து முகபாவம் தெரியாது. முழு வேக டேக்குகளைக் காலை ஏழு முதல் பத்துக்குள் முடியுங்கள். மாலையில் களைத்த உடம்போடு எடுக்கும்போதுதான் அடி படுகிறது. களைத்தவன் ஒரு சாண் இடைவெளியை அரைச் சாணாகக் குறைத்துவிடுவான், அவனுக்கே தெரியாது. ஆள் உயரத்துக்கு மேலிருந்து குதிப்பது, ரோப் கட்டுவது, நெருப்பு, கண்ணாடி, ஓடும் வண்டி இந்த ஐந்தையும் பயிற்சி பெற்ற ஸ்டண்ட் மாஸ்டர் இல்லாமல் தொடவே கூடாது. சர்க்கரைக் கண்ணாடி செய்யும் முறையைப் பார்த்து வீட்டில் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மூர் ஈரத்தில் அது பிசுபிசுத்து, உடையாமல் வளையும், உடைந்தால் கூராக உடையும்.

சத்தம் பாதிச் சண்டை. ஈரத் துண்டைத் திண்ணையில் அறைந்தால் நல்ல அறை கிடைக்கும், முருங்கைக்காயை முறித்தால் எலும்பு. படும் ஃப்ரேமிலேயே சத்தத்தை வையுங்கள். ஒரு ஃப்ரேம் பிந்தினால் தெரியாது, முந்தினால் உடனே தெரியும். எல்லா அடிக்கும் ஒரே சத்தத்தைப் போடாமல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று சத்தமாவது வைத்துக்கொண்டு, பெரியதை ஒரு சண்டைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள்.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் விமர்சனங்களில் இசைக்கும் ஒளிப்பதிவுக்கும் பெயர் சொல்லிப் பாராட்டு வருகிறது. சண்டைக்கு "சண்டைக் காட்சிகள் அனல் பறக்கின்றன" என்ற ஒரு வரி மட்டும்தான், அமைத்தவர் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. நம் நாட்டுத் தேசிய விருதில் சண்டை அமைப்புக்குத் தனி விருது 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. முதல் விருது 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயினுக்குக் கிடைத்தது. ஆஸ்கரில் 2027ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது தருவதாக அறிவித்திருக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை விமர்சனத்திலிருந்தே தாங்கள் சண்டை மாஸ்டரின் பெயரை இயக்குநர், ஒளிப்பதிவாளர் பெயர்களோடு சேர்த்து அச்சிட வேண்டும். எந்தச் சண்டை எங்கே எடுபட்டது, எங்கே கட்டிங்கால் கெட்டது என்று இரண்டு வரி சேர்த்து எழுதும்படி விமர்சகர்களிடமும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
சிலம்பம், திரைச்சண்டைப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
செல்லூர், மதுரை.